தோட்டத்து வாக்கும் உள்ளூராட்சி மன்றமும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் பெருந்தெரு, ஹல்துமுல்லவைக் கடந்து பெரகலச் சந்தியை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை கொஸ்லந்த வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. மற்றையது அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களின் ஊடே ஹாலிஎலவை நோக்கிச் செல்கின்றது. இச்சந்தியிலே பஸ்ஸை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் தோட்டத்துப் பாதையில் நடப்பவர்களை நாம் நாள்தோறும் காண்கின்றோம். பெருந்தெரு செப்பமாக இருக்கின்றது. கிராமத்துக்குச் செல்லும் கிளைத்தெருவும் ஓரளவு செப்பமாக இருக்கின்றது. தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டியதும் பாதையின் தன்மை மாறிவிடுகின்றது. தார் மறைந்து கல்லும் பள்ளமும் தோன்றுகின்றன.

இந்தப் பாதை யாருக்குச் சொந்தம்? இதைத் திருத்த வேண்டியவர் யார்? திருத்தாவிட்டால் யாரை நாம் கேட்கலாம்? எளிய வினாக்களாகத் தோன்றினும், இவற்றுக்கு விடை காண வேண்டுமாயின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கின்றது. உள்ளூராட்சி மன்றங்களுக்கான வாக்குரிமை தோட்ட மக்களுக்கு எவ்வாறு மறுக்கப்பட்டது, எவ்வாறு திரும்பக் கிடைத்தது, கிடைத்த பின்னும் அதன் பயன் ஏன் எல்லைக் கல்லிலேயே நின்றது என்பவற்றை இன்றைய பேச்சிலே ஆராய விரும்புகின்றேன்.

உள்ளூராட்சி என்னும் ஏற்பாட்டை இக்காலத்து வடிவில் நமக்குத் தந்தவர்கள் ஆங்கிலேயர். அவர்களுடைய நாட்டிலே 'பரோ' எனப்படும் நகரங்கள் பழைமை வாய்ந்தவை. அங்கே நெடுங்காலமாக ஒரு சில செல்வர்களே தமக்குள் ஒருவரையொருவர் நியமித்துக் கொண்டு நகரத்தை ஆண்டு வந்தனர். 1835ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய மாநகரச் சட்டம் அந்த வழக்கத்தை மாற்றியது. நகரத்துக்கு வரி செலுத்தும் குடியிருப்பாளரே நகர சபையைத் தெரிவு செய்தல் வேண்டும் என்றும், உறுப்பினர்களில் மூன்றிலொரு பங்கினர் ஆண்டுதோறும் பதவி விலகி மீண்டும் மக்களைச் சந்தித்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. 1869ஆம் ஆண்டில் வரி செலுத்தும் பெண்களும் நகர சபைத் தேர்தலில் வாக்களிக்க இடம் பெற்றனர். 1872ஆம் ஆண்டில் இரகசிய வாக்குச் சீட்டு வந்தது. இவற்றின் அடியிலே கிடந்த கொள்கை ஒன்றே. யாரிடமிருந்து வரி பெறுகின்றாயோ அவருக்குக் கணக்குக் காட்டு. அவர் வாழும் தெருவுக்கு விளக்கேற்று என்பதே அது.

இக்கொள்கை கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி கொழும்பும் கண்டியும் மாநகர சபைகளைப் பெற்றன. தொடக்கத்தில் அங்கும் சொத்துடையோரே வாக்காளர். ஆயினும் வரியும் வாக்கும் இணைந்தே செல்ல வேண்டும் என்ற விதி நகரங்களில் வேரூன்றியது.

நாட்டுப்புறத்திலோ வேறொரு மரபு இருந்தது. பண்டைக் கிராம மன்றமாகிய 'கம்சபா' முறைக்கு 1871ஆம் ஆண்டில் ஆங்கில அரசு புத்துயிர் அளித்தது. குளத்தையும் வாய்க்காலையும் காப்பதும், சிறு வழக்குகளைத் தீர்ப்பதும் அக்கால மன்றங்களின் வேலை. இருபதாம் நூற்றாண்டிலே இவை தேர்தலால் அமையும் கிராமச் சபைகளாக வளர்ந்தன. கிணறு, சந்தை, கிராமத்துத் தெரு, வடிகான் என்று அவற்றின் பணிகளும் பெருகின.

அந்தக் காலத்தில் ஊவா மலைகளிலே கோப்பி அழிந்து தேயிலை தழைத்திருந்தது. அப்புத்தளை, ஹல்துமுல்ல, பசறை, லுணுகலை எங்கும் லயங்கள் வரிசை வரிசையாக எழுந்திருந்தன. கிராமச் சபையின் வரைபடத்திலே தோட்டமும் இருந்தது. ஆனால் அங்கு வாழும் தொழிலாளிக்குக் கிராமச் சபையில் இடமில்லை. 1889ஆம் ஆண்டின் சட்டமே ஐரோப்பியரையும் பறங்கியரையும் இந்தியத் தொழிலாளரையும் கிராம மன்ற முறைக்குப் புறம்பாக வைத்திருந்தது. 1930களின் இறுதியிலே அச்சட்டத்தைத் திருத்தும் முயற்சி எழுந்தபோது, ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் கதவைத் திறந்து, இந்தியத் தொழிலாளிக்கு மட்டும் அதை மூடியே வைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. இந்திய அரசு ஆட்சேபித்தது. முடிவில், எந்த இனத்தவராயினும் தோட்ட லயங்களில் குடியிருக்கும் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்கு இல்லை என்று சட்டம் எழுதப்பட்டது. இனத்தின் பெயர் நீங்கியது, விலக்கு நீங்கவில்லை. இலங்கை வாழ் இந்தியரின் மனக்குறைகளை ஆராயப் பண்டித ஜவஹர்லால் நேரு 1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலங்கைக்கு வந்ததும், அப்போதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானதும் இச்சூழ்நிலையிலேதான்.

இந்த விலக்குக்கு அன்று கூறப்பட்ட காரணத்தையும் நாம் நேர்மையாக நோக்க வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு வீடு, தண்ணீர், வைத்தியம் முதலியவற்றைத் தோட்டத் துரை வழங்குகின்றார். அவனுக்குக் கிராமச் சபையால் ஆகவேண்டியது யாதுமில்லை. ஆகவே அவனுக்கு அங்கு வாக்கும் தேவையில்லை என்பது அந்த வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் துரை கொடுப்பது சம்பளத்தோடு ஒட்டிய சலுகை; சபை கொடுப்பது குடிமகனுக்குரிய கடமை. சலுகை குறைந்தால் கெஞ்சலாம். கடமை தவறினால் கேட்கலாம். தோட்டத்து மனிதன் கேட்கும் இடத்தில் நிற்காமல் கெஞ்சும் இடத்திலேயே நிற்கும்படி இந்த வாதம் செய்துவிட்டது.

பாராளுமன்ற வாக்கின் கதை வேறு வகையில் நடந்தது. 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பின்படி இலங்கையிலே வயது வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. இந்திய வம்சாவளியினருக்கு நிரந்தரக் குடியிருப்பு முதலிய நிபந்தனைகள் இருப்பினும் அவர்களிலும் பல்லாயிரவர் வாக்காளராயினர். அவ்வாண்டிலே ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று அமைச்சராகவும் விளங்கினார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலைநாட்டு வாக்காளர் தம்மவர் பலரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அவர்களுள் பதுளைத் தொகுதியிலிருந்து சென்ற எஸ். எம். சுப்பையாவும் ஒருவர். விந்தையான நிலைமை அன்றோ! நாட்டின் பாராளுமன்றத்துக்கு ஆளை அனுப்பிய ஒருவன், தன் லயத்துக்கு அரை மைல் தொலைவிலுள்ள கிராமச் சபைக்கு வாக்களிக்க முடியாதவனாக இருந்தான்.

அந்தப் பாராளுமன்ற வாக்கும் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டிலே தொடர்ந்து வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலாரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. பிரஜாவுரிமை கோரி விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கு மேல்; பெற்றவரோ ஒரு இலட்சத்து முப்பதினாயிரம் அளவினரே. 1952ஆம் ஆண்டில் கொழும்பிலே சத்தியாக்கிரகம் நடந்தது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரை எண்ணிப் பிரித்த ஒப்பந்தம் அது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் 1974ஆம் ஆண்டில் சரிபாதியாகப் பகிர்ந்து கொண்டன. அப்புத்தளை நிலையத்திலும் பண்டாரவளை நிலையத்திலும் உறவினரை ரயிலேற்றி அனுப்பிய குடும்பங்கள் இன்றும் அந்தப் பிரிவை மறந்திருக்க மாட்டா. நாடற்றவராக எஞ்சியோரின் நிலைக்கு 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் படிப்படியாக முடிவு கட்டின.

இந்த இடைக்காலம் முழுவதும் கிராமச் சபைகள் நடந்தன. வட்டாரம் தோறும் ஓர் உறுப்பினர் தெரிவானார். கிராமங்களுக்கு வாசகசாலையும் தெருவும் வந்தன. தோட்டமோ வரைபடத்தில் ஒரு பச்சைத் திட்டாகவே கிடந்தது. சபையின் தெரு தோட்டத்தைச் சுற்றி வளைந்து சென்றது. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை மாறினார், முறை மாறவில்லை. 1981ஆம் ஆண்டில் கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் கலைக்கப்பட்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவையும் நீடிக்கவில்லை.

பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டு மே மாதத்திலே பிரதேச சபைகளுக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. பிரஜாவுரிமை பெற்றுவிட்ட தோட்ட மக்கள் இத்தேர்தலிலே பெருந்தொகையாக வாக்களித்தனர். அவர்களிலிருந்தே உறுப்பினர்களும் தெரிவாயினர். அரை நூற்றாண்டுக்கு முன் மூடப்பட்ட கதவு திறந்துவிட்டது என்றே எல்லோரும் மகிழ்ந்தனர்.

ஆனால் கதவுக்கு உள்ளே மற்றொரு கதவு இருந்தது. பிரதேச சபை தன் நிதியைப் பொதுப்பணிகளுக்குச் செலவிட அதிகாரம் அளித்த 33ஆம் பிரிவு, கிராமத்தை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது. தோட்டக் குடியிருப்பு அதற்குள் அடங்கவில்லை. ஆகவே தோட்டத்து வாக்கால் தெரிவான உறுப்பினர், தமக்கு வாக்களித்தவரின் லயத்து வாசலிலே ஒரு வடிகான் வெட்டுவதற்குச் சபைப் பணத்தைக் கேட்க முடியாதவராயினார். கேட்டால், 'சட்டம் இடந்தராது; தோட்ட நிருவாகத்தைக் கேளுங்கள்' என்ற விடையே வரும். நிருவாகத்தைக் கேட்டால், 'தெரு போடுவது சபையின் வேலை' என்ற விடை வரும். இரண்டுக்கும் நடுவிலே மழைநீர் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பயிர் செய்யப்பட்ட நிலத்தின் பரப்பை அளந்து வரி விதிக்கவும் அதே சட்டம் பிரதேச சபைக்கு அதிகாரம் தந்தது. தேயிலை நிலத்திலிருந்து வரி எடுக்கலாம். தேயிலை நிலத்து மக்களுக்குச் செலவிடல் ஆகாது. ஆங்கில நாட்டுப் பரோவிலே 1835ஆம் ஆண்டில் நிலைபெற்ற கொள்கை, ஊவா மலையிலே தலைகீழாக நின்றதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. அக்காலத்திலே தோட்டங்களுக்குக் கிடைத்த பாதையும் குடிநீர்த் திட்டமும் பெரும்பாலும் அமைச்சர்களின் நிதியாலும் பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியாலும் வந்தவை. அவற்றை மக்கள் நன்றியோடு ஏற்றனர். ஆனால் அமைச்சர் ஒருவரின் மனமுவந்த கொடையை வாங்குவது, துரையின் சலுகையை வாங்குவதிலிருந்து வெகுதூரம் விலகியது ஆகாது.

இனி, வாக்கு எண்ணும் முறையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஊவாவிலுள்ள நமக்கு இது மிகவும் முக்கியம். நுவரெலியா மாவட்டத்தில் தோட்ட மக்கள் பெருந்தொகையினர். பதுளை மாவட்டத்திலோ, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மலையகத் தமிழர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவினர். அவர்களும் ஓரிடத்தில் திரண்டு வாழாமல், கிராமங்களுக்கு இடையிடையே தோட்டம் தோட்டமாகச் சிதறி வாழ்கின்றனர். 1991 முதல் 2011 வரை நடந்த தேர்தல்களில் விகிதாசார முறை இருந்தது. சபைப் பிரதேசம் முழுவதும் ஒரே தொகுதியாகக் கொள்ளப்பட்டமையால், பெரகலைப் பக்கத்து வாக்கும் கொஸ்லந்தைப் பக்கத்து வாக்கும் ஒரே பட்டியலில் சேர்ந்து உறுப்பினரைத் தந்தன. ஆனால் அந்த உறுப்பினர் எந்தத் தோட்டத்துக்குப் பொறுப்பானவர் என்று எவரும் திட்டமாகக் கூற இயலாது.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் நடந்த தேர்தலிலே கலப்பு முறை வந்தது. உறுப்பினரில் அறுபது சதவீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் நாற்பது சதவீதத்தினர் பட்டியலிலிருந்தும் தெரிவாக ஏற்பாடாயிற்று. பெண்களுக்கு நான்கிலொரு பங்கு ஒதுக்கப்பட்டது. மலையகத்துச் சபைகளிலே கொழுந்து கூடையைச் சுமந்த பெண்கள் உறுப்பினராக அமர்ந்தமை இதனால் விளைந்த நன்மை. வட்டார முறையில் பொறுப்பு யாருடையது என்பது தெளிவு. ஆனால் வட்டாரத்தின் எல்லைக் கோடு எங்கே வரையப்படுகின்றது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. ஒரு தோட்டத்தின் மேற்பிரிவு ஒரு வட்டாரத்திலும் கீழ்ப்பிரிவு மற்றொரு வட்டாரத்திலும் போய்விட்டால், இரண்டிலும் அம்மக்கள் சிறு தொகையினரே. ஆகவே எல்லை நிருணயக் குழு கருத்துக் கேட்கும் காலத்திலேயே நம்மவர் விழித்திருத்தல் வேண்டும். தேர்தல் அறிவித்த பின் வருந்துவதிற் பயனில்லை.

அதே 2018ஆம் ஆண்டில், தேர்தலுக்குப் பின்னர், பிரதேச சபைச் சட்டம் பாராளுமன்றத்திலே திருத்தப்பட்டது. சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் செலவிடலாம் என்ற நிலைமை வந்தது. சட்டம் பிறந்து முப்பத்தோராண்டு கழிந்த பின், உள்ளே இருந்த இரண்டாவது கதவும் திறந்தது.

இத்திருத்தம் வெறும் எழுத்து மாற்றம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. பெரகலச் சந்தியிலிருந்து வெல்லவாயாத் தெருவிலே இறங்கினால் கொஸ்லந்தை வரும். அதற்கு அணித்தே மீரியபெத்தை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையிலே மலை சரிந்து அங்கிருந்த லயங்களை மூடியது. பிள்ளைகள் சிலர் பாடசாலை சென்றிருந்தபடியால் தப்பி, திரும்பி வந்து வீட்டைத் தேடினர். அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைக் கேட்டு மக்களை அகற்ற வேண்டியவர் யார்? நிலம் அரசுக்குரியது, குத்தகை கம்பெனிக்குரியது, குடியிருப்பவர் தொழிலாளி, சபைக்கோ அங்கு செலவிட வழியில்லை. பலர் பொறுப்பாளராக இருந்த இடத்திலே ஒருவரும் பொறுப்பேற்காத நிலை ஏற்பட்டது. சபை அன்று தோட்டத்தினுள் வந்திருந்தால் மலை சரியாது நின்றிருக்கும் என்று நான் கூறவில்லை. தம் லயத்துக்கு மேலே நிலம் பிளந்திருப்பதைக் கண்ட ஒருவர், உரிமையோடு சென்று முறையிட அருகிலே ஒரு மன்றம் இருந்திருக்கும் என்று மட்டும் கூறுகின்றேன்.

சட்டம் திருந்திய பின்னும் தடைகள் தீர்ந்துவிடவில்லை. தோட்ட நிலம் இன்னும் பெரும்பாலும் குத்தகையிலேயே இருப்பதால் நிருவாகத்தின் ஒத்துழைப்பு வேண்டியிருக்கின்றது. சபைகளின் வருமானமோ சிறியது. 2018இல் அமைந்த சபைகளின் காலம் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் 9ஆம் நாள் நடைபெற வேண்டிய தேர்தல், பணம் இல்லையென்ற காரணத்தால் நடைபெறவில்லை. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என 2024ஆம் ஆண்டு ஆகஸ்டிலே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு மே 6ஆம் நாளே தேர்தல் நடந்தது. இரண்டாண்டுக்கு மேல் நாடெங்கும் மக்கள் தெரிந்தெடுத்த சபைகள் இல்லாதிருந்தன. தோட்டத்துக்குச் செலவிடும் அதிகாரம் கிடைத்து ஐந்தாண்டு நிறையுமுன் இந்த இடைவெளி நேர்ந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஆகவே, நேயர்களே, வாக்களித்த அன்றோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. ஆண்டுதோறும் பிரதேச சபையிலே வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படுகின்றது. நம் வட்டாரத்துத் தோட்டங்களுக்கு அதில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று உறுப்பினரைக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு விடை வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். சபை விடை கூறக் கடமைப்பட்டது. கோரிக்கை மனுவை எழுதும்போது, 'ஐயா, தயவு செய்து' என்று மட்டும் எழுதாமல், இன்ன பிரிவில் இத்தனை குடும்பம், இத்தனை யார் நீளப் பாதை, இன்ன இடத்தில் வடிகான் இல்லை என்று கணக்கோடு எழுதுங்கள். லயத்துப் பிள்ளைகளிலே இன்று படித்தவர்கள் பலர் இருக்கின்றனர். இதை எழுதித் தருவது அவர்களால் இயலாத செயல் அன்று.

பெரகலச் சந்தியில் இறங்கித் தோட்டத்துப் பாதையில் நடக்கும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய தந்தைக்குக் கிராமச் சபை வாக்கு இருக்கவில்லை. அவருடைய இளமையிலே அவருக்கு எந்த வாக்கும் இருக்கவில்லை. நடுவயதில் வாக்கு வந்தது. அதன் பயன் தோட்டத்து எல்லைக் கல்லில் நின்றுவிட்டது. இப்பொழுது சட்டம் அந்தக் கல்லைத் தாண்டிவிட்டது. பாதையும் தாண்ட வேண்டும். அது அவர் நடக்கும் காலத்திலேயே நிகழுமா, அவருடைய பேரப்பிள்ளைகளின் காலத்திலேதான் நிகழுமா என்பது, இன்று சபையிலே இருப்பவரையும் அவரை அங்கு அனுப்பிய நம்மையும் பொறுத்தது.